தொட்டால் நிறையும் மின்கலம்

நுழையும்முன்

கருவிகள் சிறுக்கச் சிறுக்க, அவற்றைச் சார்ந்த பொருள்கள் பெருகி வருகின்றன. விரலில் அணியும் மோதிரத்திற்கும் செவியில் பொருத்தும் கருவிக்கும் தனித்தனி மின்னேற்றி தேவைப்படும் காலம் இது. கையில் இருக்கும் திறன்பேசியே அவற்றுக்கெல்லாம் ஆற்றல் வழங்கும் வழியொன்றை அறிவியல் திறந்துள்ளது. அவ்வழி எவ்வாறு இயங்குகிறது, அது யாருக்குப் பயன்பட வேண்டும் என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

இழுப்பறை சொல்லும் செய்தி

ஒரு வீட்டின் மேசை இழுப்பறையைத் திறந்தால், அவ்வீட்டார் பத்தாண்டுகளாகப் பயன்படுத்திய மின்னணுக் கருவிகளின் வரலாறு கண்முன் விரியும். நுனி அகன்ற கம்பி, நுனி ஒடுங்கிய கம்பி, காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் வட்டத்தட்டு, எக்கருவிக்கு உரியது என்பதே மறந்துபோன மின்னேற்றி எனப் பலவும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். அவற்றுள் பல இன்றும் பழுதின்றி இயங்கக் கூடியவை. ஆயினும் பயனில்லை. அவை துணைநின்ற கருவிகள் மறைந்துவிட்டன. புதிதாக வந்த கருவிகளோ அவற்றை ஏற்பதில்லை. மின்னேற்றி தொலைந்துபோன ஒரே காரணத்தால், நல்ல நிலையிலுள்ள கைக்கடிகாரம் அதே இழுப்பறையில் உறங்குவதும் உண்டு.

இது ஒரு வீட்டின் சிக்கல் மட்டுமன்று. பயன்படாமல் கிடப்பனவும் தூக்கி எறியப்படுவனவுமான மின்னேற்றிகளால் ஆண்டுக்கு ஏறத்தாழ 11,000 டன் கழிவு சேர்வதாக ஐரோப்பிய ஒன்றியம் மதிப்பிட்டது. உலகம் முழுவதும் 2022ஆம் ஆண்டில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு உருவானதென்றும், அதில் 22.3 விழுக்காடு மட்டுமே முறையாகச் சேகரிக்கப்பட்டு மறுசுழற்சிக்குச் சென்றதற்குச் சான்று உள்ளதென்றும் ஐக்கிய நாடுகள் அவை சார்ந்த அமைப்புகளின் 2024ஆம் ஆண்டு அறிக்கை தெரிவிக்கிறது.

மின்னேற்றும் வழி தனித்தனியாக இருக்கும்வரை, கருவியும் அதன் மின்னேற்றியும் ஒன்றையொன்று சிறைப்படுத்தியே வைத்திருக்கும். இந்நிலையில், அண்மைப்புலத் தொடர்பு வழியிலான கம்பியில்லா மின்னேற்றம் கவனிக்கத்தக்க மாற்றாக வந்துள்ளது. கம்பி நீங்குவதால் கிடைக்கும் வசதி அதன் சிறுபயனே. எந்த நிறுவனத்தின் கருவியும் எந்த நிறுவனத்தின் திறன்பேசியிடமிருந்தும் ஆற்றல் பெறலாம் என்னும் பொதுமையே அதன் பெரும்பயன். அப்பொதுமை காக்கப்படாவிட்டால், இப்புதுமையும் இழுப்பறையில் சேரும் மற்றொரு பொருளாகவே முடியும்.

மின்கலம் இல்லாத அட்டை

சென்னை மெட்ரோ இரயில் நிலையத்தின் நுழைவாயிலில் பயண அட்டையை வைத்ததும் தடுப்பு விலகுகிறது. கடையிலுள்ள கருவியின் அருகே வங்கி அட்டையைக் காட்டியதும் பணம் செலுத்தப்படுகிறது. இவ்வட்டைகளுக்குள் மின்கலம் இல்லை. எனினும் அவற்றில் பதிந்துள்ள சில்லு, கேட்ட வினாவைப் புரிந்துகொள்கிறது, கணக்கிடுகிறது, விடையளிக்கிறது. அதற்குரிய ஆற்றல் எங்கிருந்து வந்தது?

விடை, 1831ஆம் ஆண்டில் இலண்டன் அரசுக் கழக ஆய்வகத்தில் கிடைத்தது. மைக்கேல் ஃபாரடே இரும்பு வளையம் ஒன்றில் தனித்தனியே இரு கம்பிச்சுருள்களைச் சுற்றினார். ஒன்றில் மின்னோட்டத்தைச் செலுத்தும்போதும் நிறுத்தும்போதும், அதனோடு தொடர்பில்லாத மற்றொன்றில் இணைத்திருந்த காந்த ஊசி அசைந்தது. மாறும் காந்தப்புலம், அருகிலுள்ள கம்பிச்சுருளில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது என்னும் உண்மை அவ்வசைவில் வெளிப்பட்டது. மின்காந்தத் தூண்டல் என்னும் அவ்விதியே மின்மாற்றிக்கும் மின்னியற்றிக்கும் அடிப்படை. பயண அட்டையும் அதன் வழியில்தான் உயிர்பெறுகிறது. நுழைவாயிலில் உள்ள படிப்பான் தன்னைச் சுற்றி மாறும் காந்தப்புலத்தை உருவாக்குகிறது. அட்டைக்குள் சுற்றப்பட்டுள்ள மெல்லிய கம்பிச்சுருள் அதிலிருந்து சிறிதளவு ஆற்றலைப் பெற்றுச் சில்லுக்கு வழங்குகிறது. அட்டையை விலக்கியதும் சில்லு மீண்டும் உறங்கிவிடுகிறது.

கம்பியின்றி ஆற்றலை அனுப்பும் கனவும் பழைமையானதே. நிகோலா டெஸ்லா, அமெரிக்காவின் லாங் தீவில் 1901ஆம் ஆண்டு பெருங்கோபுரம் ஒன்றைக் கட்டத் தொடங்கினார். கடல் கடந்து செய்தியை அனுப்புவதோடு ஆற்றலையும் கம்பியின்றி அனுப்புவது அவரது நோக்கம். பொருளுதவி நின்றுபோனமையால் அம்முயற்சி நிறைவேறவில்லை. 1917ஆம் ஆண்டில் கோபுரமும் இடிக்கப்பட்டது. டெஸ்லா உலகளவில் காண விழைந்ததை, இன்றைய பொறியியல் சில மில்லிமீட்டர் இடைவெளிக்குள் செய்துகாட்டுகிறது. எல்லையைச் சுருக்கிக்கொண்டதே அதன் வெற்றிக்குக் காரணம் எனலாம்.

தகவல் வழியே வரும் ஆற்றல்

அண்மைப்புலத் தொடர்பை வளர்ப்பதற்கென நோக்கியா, பிலிப்ஸ், சோனி ஆகிய நிறுவனங்கள் 2004ஆம் ஆண்டில் என்.எஃப்.சி. மன்றம் என்னும் அமைப்பை உருவாக்கின. இத்தொடர்பு 13.56 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்குகிறது. அதாவது, இதன் காந்தப்புலம் நொடிக்கு 1 கோடியே 35 இலட்சத்து 60 ஆயிரம் முறை அலைவுறுகிறது. முதலில் இது செய்தியைப் பரிமாறுவதற்கு மட்டுமே பயன்பட்டது. செய்தியோடு ஆற்றலும் சென்றதென்றாலும், அது ஒரு சில்லை ஓரிரு நொடிகள் இயக்கும் அளவினதே. அந்த ஆற்றலைச் சற்று உயர்த்தி, மின்கலத்தில் சேமித்தால் என்ன என்னும் எண்ணத்திலிருந்து பிறந்ததே கம்பியில்லா மின்னேற்ற வரையறை. என்.எஃப்.சி. மன்றம் 2020ஆம் ஆண்டில் அதனை ஏற்றுக்கொண்டது. இதன்படி அதிகபட்சம் 1 வாட் திறன்வரை ஆற்றலை அனுப்பலாம்.

இதன் இயக்கம் ஓர் உரையாடலைப் போன்றது. திறன்பேசியின் பின்புறத்தில் சிறுகருவியை வைத்ததும், திறன்பேசி முதலில் அதனை இனங்காண்கிறது. அருகில் வந்தது மின்னேற்றத்தை ஏற்கும் கருவியா, வெறும் அட்டையா, உலோகத் துண்டா என்பதை அறிந்த பின்னரே புலத்தின் வலிமையை உயர்த்துகிறது. சிறுகருவி தன் தேவையைத் தெரிவிக்கிறது. 250, 500, 750, 1000 மில்லிவாட் என்னும் படிநிலைகளுள் தக்கதொன்று தேர்ந்தெடுக்கப்படுகிறது. சிறுகருவியின் சுருளில் தூண்டப்பட்ட மாறுதிசை மின்னோட்டத்தை அலைதிருத்தி, நேர்திசை மின்னோட்டமாக மாற்றி மின்கலத்திற்கு அனுப்புகிறது. மின்கலம் நிறைந்ததும் சிறுகருவி அதனைத் தெரிவிக்க, ஆற்றல் நின்றுவிடுகிறது. செய்திக்கும் ஆற்றலுக்கும் ஒரே சுருள் பயன்படுவது இம்முறையின் சிக்கனம்.

திறன்பேசிகளுக்கான கம்பியில்லா மின்னேற்றத் தட்டுகள் ஏற்கெனவே கடைகளில் கிடைக்கின்றனவே, இது எதற்கு என்னும் வினா எழலாம். 2008ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கம்பியில்லா ஆற்றல் கூட்டமைப்பின் 'ச்சி' என்னும் வரையறையின்படி அத்தட்டுகள் இயங்குகின்றன. அவற்றின் அதிர்வெண் பெரும்பாலும் 100 முதல் 200 கிலோஹெர்ட்ஸ் அளவினது. திறன் 5 வாட், 15 வாட் எனத் தொடங்கி மேலும் உயரும். அவற்றுக்குச் சில சென்டிமீட்டர் அகலமுள்ள கம்பிச்சுருள் வேண்டும். ஒரு மோதிரத்திலோ எழுதுகோலிலோ அத்தகைய சுருளுக்கு இடமில்லை. காந்தப்பாயம் எவ்வளவு விரைவாக மாறுகிறதோ அவ்வளவுக்குத் தூண்டப்படும் மின்னியக்கு விசையும் உயரும். ஆதலால், உயர் அதிர்வெண்ணில் இயங்கும் அண்மைப்புல முறைக்குச் சில சுற்றுகளே கொண்ட சிறுசுருள் போதும். யானைக்கு வெட்டிய குளத்தில் எறும்பு நீரருந்த முயல்வது போன்றது, பெரிய தட்டில் சிறுகருவிக்கு மின்னேற்ற முனைவது. அளவுக்கேற்ற வழியே சிறந்த வழி.

ஒரு வாட்டின் கணக்கு

ஒரு வாட் என்பது மிகக் குறைந்த திறன். இதனால் என்ன செய்ய இயலும் என்பதை எளிய கணக்கொன்று காட்டும். செவியில் செருகும் கம்பியில்லா இயர்போன் ஒன்றின் மின்கலம் 50 மில்லிஆம்பியர்-மணி கொள்ளளவும் 3.7 வோல்ட் மின்னழுத்தமும் உடையது எனக் கொள்வோர், இரண்டையும் பெருக்கினால் 0.185 வாட்-மணி ஆற்றல் கிடைக்கும். அதனை 1 வாட் திறனில் நிரப்ப, இழப்பே இல்லாத நிலையில், ஏறத்தாழ 11 நிமிடங்கள் போதும். இழப்பையும் மின்கலத்தின் ஏற்கும் திறனையும் கணக்கிட்டால் நேரம் கூடும். எனினும் அது ஒரு வேளை உணவருந்தும் பொழுதைப் பெரிதும் தாண்டாது.

இனி, திறன்பேசியைக் கருதலாம். 5000 மில்லிஆம்பியர்-மணி கொள்ளளவும் 3.85 வோல்ட் மின்னழுத்தமும் உடைய அதன் மின்கலத்தில் 19 வாட்-மணிக்கும் சற்று மிகுந்த ஆற்றல் அடங்கும். அதனை 1 வாட் திறனில் நிரப்ப 19 மணி நேரத்திற்கு மேலாகும். எனவே, இம்முறை திறன்பேசிக்கு மின்னேற்ற உதவாது. ஆனால், திறன்பேசி பிறவற்றுக்கு ஆற்றல் வழங்க உதவும். மேற்கண்ட இயர்போனை ஒருமுறை நிரப்புவதற்குத் தேவையான ஆற்றல், திறன்பேசியிடம் உள்ளதில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே. வழியில் ஏற்படும் இழப்பால் இது சில மடங்கானாலும், கொடுப்பவர்க்குச் சுமையாகாத கொடையே அது.

யாருக்குப் பயன்பட வேண்டும்

புதிய தொழில்நுட்பத்தைப் பற்றிப் பேசும் விளம்பரங்கள், திறன் மோதிரத்தையும் திறன் கடிகாரத்தையும் முன்னிறுத்துகின்றன. அவற்றைவிட இத்தொழில்நுட்பம் மிகுதியாக உதவக் கூடிய இடம் ஒன்று உண்டு. அது, காதொலிக் கருவி அணிந்த முதியவரின் செவி.

காதொலிக் கருவிகள் பலவற்றில் பொத்தான் வடிவ மின்கலம் பயன்படுகிறது. சில நாள்கள் முதல் ஏறத்தாழ இரு வாரங்களுக்குள் அது தீர்ந்துவிடும். நகத்தின் அளவேயுள்ள சிறு மூடியைத் திறந்து, பழைய மின்கலத்தை எடுத்து, நேர்முனையும் எதிர்முனையும் மாறாமல் புதியதைப் பொருத்த வேண்டும். பார்வை மங்கி, விரல்கள் நடுங்கும் வயதில் அது எளிதன்று. மாற்று மின்கலம் கைவசம் இல்லாத நாளில், வீட்டில் நடக்கும் உரையாடல் முழுவதும் அம்முதியவருக்கு வாயசைவாகச் சுருங்கிவிடுகிறது. கேட்கவில்லை என்று பலமுறை சொல்ல நாணி, அவர் பேசுவதையே குறைத்துக்கொள்கிறார். கீழே தவறிய பொத்தான் மின்கலத்தைக் குழந்தை எடுத்து விழுங்கிவிட்டால், அது உணவுக்குழாயைப் புண்ணாக்கி உயிருக்கே ஊறு விளைவிக்கக் கூடும் என்பது மற்றோர் அச்சம்.

மின்னேற்றிக்கொள்ளும் காதொலிக் கருவிகள் இப்போது வந்துள்ளன. ஆயினும் அவை பெரும்பாலும் தமக்கே உரிய பெட்டியில் வைக்கப்பட வேண்டியவை. வெளியூர் செல்கையில் அப்பெட்டியை மறந்தால் கருவியும் ஊமையாகிவிடும். அருகில் இருக்கும் யாருடைய திறன்பேசியின் மீதும் வைத்து மின்னேற்றலாம் என்னும் நிலை ஏற்பட்டால், பேரனின் கையிலுள்ள கருவியே பாட்டியின் செவிக்குத் துணையாகும். துளைகளின்றி மூடப்பட்ட கருவிக்குள் வியர்வையும் தூசியும் எளிதில் புகா என்பது மேலும் ஒரு நன்மை.

மறைக்கக் கூடாத மறுபக்கம்

நன்மைகளை மட்டும் பேசுவது விளம்பரம். குறைகளையும் எடைபோடுவதே அறிவியல் மனப்பான்மை. இம்முறையின் முதற்குறை ஆற்றல் இழப்பு. காந்தப்புலம் இடைவெளி கூடக் கூட மிக விரைவாக வலுவிழக்கும். சுருள்கள் நேர்கோட்டில் அமையாமல் சற்றே விலகினும் இழப்பு மிகும். கம்பி வழியே மின்னேற்றுவதைவிட இவ்வழியில் வீணாகும் ஆற்றல் கூடுதல்; வீணானது வெப்பமாகிறது; வெப்பம் லித்தியம் மின்கலத்தின் ஆயுளைக் குறைக்கிறது. சிறுகருவிக்குத் தேவைப்படும் ஆற்றல் மிகக் குறைவாதலால் இவ்விழப்பைப் பொறுத்துக்கொள்ளலாம். கம்பியால் எளிதாக மின்னேற்றக் கூடிய பெரிய கருவிகளுக்கும் வெறும் ஆடம்பரத்திற்காகக் கம்பியில்லா வழியை நாடுவது அத்தகைய நியாயத்தைப் பெறாது.

இரண்டாவது குறை இதனினும் பெரிது. துளையற்ற கருவி என்பது திறக்க இயலாத கருவியாகவும் மாறிவிடுகிறது. மின்னேற்றக் கூடிய மின்கலம் எதுவாயினும் நாளடைவில் தளர்ந்தே தீரும். பசையிட்டு மூடப்பட்ட மோதிரத்தில் மின்கலம் தளர்ந்தால், மோதிரம் முழுவதும் குப்பையாகும். கம்பியைக் குறைத்துக் கருவிகளைக் குப்பையாக்குவது சூழலுக்குச் செய்யும் நன்மையன்று. கையடக்கக் கருவிகளின் மின்கலத்தைப் பயன்படுத்துவோரே எளிதில் கழற்றி மாற்ற இயல வேண்டும் என்னும் விதியை, சில விலக்குகளுடன், 2027ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் ஐரோப்பிய ஒன்றியம் நடைமுறைப்படுத்தவுள்ளது. இந்தியாவிலும் 'பழுதுபார்க்கும் உரிமை' குறித்த இணையவாயிலை ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கியது. கம்பியில்லா மின்னேற்றமும் மாற்றத்தக்க மின்கலமும் ஒன்றுக்கொன்று பகையல்ல. இரண்டையும் இணைத்து வடிவமைப்பதே பொறியியலின் கடமை.

மூன்றாவது குறை, இத்தொழில்நுட்பம் இன்னும் பரவாமை. அண்மைப்புலத் தொடர்பு வசதியுள்ள திறன்பேசிகள் அனைத்தும் மின்னேற்ற வல்லன அல்ல. அட்டையைப் படிப்பதற்கும் மின்கலத்தை நிரப்புவதற்கும் தேவையான திறன் வேறுவேறு; அதற்கேற்ற மின்சுற்று திறன்பேசியில் அமைய வேண்டும். வரையறை வெளிவந்து ஆண்டுகள் சில கடந்தும் அதனை ஏற்றுக்கொண்ட கருவிகள் குறைவே. மின்னேற்றும் திறன்பேசிகள் பெருகாமையால் கருவிகளைச் செய்வோர் தயங்குகின்றனர். கருவிகள் பெருகாமையால் திறன்பேசி செய்வோர் தயங்குகின்றனர்.

அளவு ஒன்றானால்

இத்தயக்கத்தை உடைக்க வல்லது பொதுத்தரம் ஒன்றே. பொது அளவின் பயனைத் தமிழர் நெடுங்காலத்திற்கு முன்பே உணர்ந்திருந்தனர். 'ஆடவல்லான்' என்னும் பெயருடைய மரக்காலால் நெல் அளக்கப்பட்ட செய்தியைத் தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகள் கூறுகின்றன. நெல் எவ்வூரில் விளைந்தால் என்ன? அளக்கும் மரக்கால் ஒன்றாக இருந்தமையால் கொடுப்பவர்க்கும் பெறுபவர்க்கும் கணக்கு ஒன்றாயிற்று.

கம்பி வழி மின்னேற்றத்தில் அத்தகைய பொது அளவு இப்போது உருவாகி வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2022ஆம் ஆண்டில் இயற்றிய சட்டத்தின்படி, 2024 டிசம்பர் 28 முதல் அங்கு விற்கப்படும் திறன்பேசி உள்ளிட்ட பல கருவிகள் யு.எஸ்.பி. டைப்-சி என்னும் ஒரே வகைத் துளையைக் கொண்டிருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனமும் 2023ஆம் ஆண்டு சனவரியில் அவ்வகைத் துளைக்கான இந்தியத் தரத்தை வெளியிட்டது. ஆனால், திறன் கடிகாரம், மோதிரம் போன்ற மிகச்சிறு கருவிகள் ஐரோப்பியப் பட்டியலில் இடம்பெறவில்லை. அவற்றின் சிற்றுடலில் அத்துளைக்கு இடம் ஏது? சட்டம் எட்டாத அவ்விடைவெளியில்தான் தனித்தனி மின்னேற்றிகள் இன்னும் பெருகுகின்றன. அவ்விடைவெளியை நிரப்பும் தகுதி அண்மைப்புல மின்னேற்றத்திற்கு உண்டு. கம்பியில்லா மின்னேற்றத்திலும் பொதுமை உருவாக வேண்டும் என்னும் நோக்கத்தை அச்சட்டமே குறிப்பிடுகிறது.

ஆதலால், அரசுகள் மூன்றினை வலியுறுத்தல் வேண்டும். சிறுகருவிகளுக்கு மின்னேற்றும் முறை பொதுத்தரத்தைச் சார்ந்ததாக இருத்தல் முதலாவது. நிறுவனம் தன் திறன்பேசியில் தன் கருவிக்கு மட்டும் வழிவிட்டுப் பிறர் கருவிக்குக் கதவடைத்தல் கூடாது என்பது இரண்டாவது. துளையற்ற கருவியாயினும் அதன் மின்கலத்தைப் பழுதுபார்ப்போர் மாற்றும் வகையில் வடிவமைத்தல் மூன்றாவது. காதொலிக் கருவி போன்ற உடல்நலத் துணைக்கருவிகளில் இவை முதலில் நடைமுறைக்கு வருதல் நலம். இவ்விதிகள் புதுமையைத் தடுக்கும் என்று வாதிடுவோர் உளர். நிறுவனங்கள் போட்டியிட வேண்டிய களம் கருவியின் தரமும் பயனுமே. மின்னேற்றும் வழியைப் பூட்டிவைத்து வாங்கியவரைக் கட்டிப்போடுவது போட்டியாகாது.

இளையோரின் பங்கு

இன்று வகுப்பறையில் மின்காந்தத் தூண்டலைப் பயிலும் மாணவர், நாளை கருவிகளை வடிவமைக்கும் பொறியாளராகலாம். விதிகளை வகுக்கும் அலுவலராகலாம். நுகர்வோராக அனைவரும் இருப்பர். புதிய கருவி ஒன்றை வாங்குமுன், இது எதனால் மின்னேற்றப்படும், மின்னேற்றி தொலைந்தால் வேறு வழி உண்டா, மின்கலம் தளர்ந்தால் மாற்ற இயலுமா என்னும் மூன்று வினாக்களைக் கடைக்காரரிடம் கேட்கும் பழக்கம் இளையோரிடம் வளர வேண்டும். கேட்போர் பெருகினால் விடை சொல்லும் பொறுப்பு நிறுவனங்களுக்கு வந்துசேரும்.

ஃபாரடேயின் ஆய்வகத்தில் இரு சுருள்களும் ஒன்றையொன்று தொடவில்லை. எனினும் ஒன்றின் மாற்றத்தை மற்றொன்று உணர்ந்தது. வேறு வேறு நிறுவனங்கள் உருவாக்கிய இரு கருவிகள் அவ்வாறு ஒன்றையொன்று ஏற்கும் நாளில், மேசை இழுப்பறையில் சிக்கலாய்க் கிடக்கும் கம்பிகள் குறையும். மாலையில் பாட்டி கழற்றித் தரும் காதொலிக் கருவியைப் பேரன் தன் திறன்பேசியின் மீது வைப்பான். சற்று நேரத்திற்குப் பின் அவன் அழைக்கும்போது, மறுகுரல் தேவைப்படாமலே அவர் திரும்பிப் பார்ப்பார்.